துறைமுகமும் தியானமும்: விசுத்திமக்கத்தில் ஒரு முரண்

மாதோட்டம் என்றவுடன் சைவ உலகம் திருக்கேதீச்சரத்தையும், அத்தலத்தின்மீது ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களையும் நினைவுகூரும். மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள அதே மாதோட்டம், பாளி நூல்கள் மகாதித்தம் எனச் சுட்டும் துறைமுகமுமாம். 1980 முதல் 1984 வரை அங்கு நடந்த அகழ்வில் சீனத்தினின்றும் மேலை ஆசியாவினின்றும் வந்த மட்கல ஓடுகள் வெளிப்பட்டன. அத்துறைக்குத் தெற்கே கடலொடு கலக்கும் அருவியாற்றின் வழியே உண்ணாடு சென்றால் அனுராதபுரத்தை அடையலாம். அந்நகரத்து மகாவிகாரையிலேதான் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் விசுத்திமக்கம் என்னும் தியானப் பெருநூலை இயற்றினார்.

துறைமுகத்தை அவர் விரும்பினாரல்லர். தியானம் பயில்வோனுக்கு ஒவ்வாத விகாரையின் குற்றங்களை 18 என எண்ணுமிடத்து, துறையை அடுத்திருத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறார். அவர் கூறும் காரணம் சுவையானது. கலத்தில் வந்திறங்குவோர் தங்க இடம் தாரும், தண்ணீர் தாரும், உப்புத் தாரும் என ஓயாது சூழ்ந்துகொள்வராம். மாதோட்டத்தைக் கண்ணாற் கண்டவர்க்கன்றி இத்துணை நுட்பம் வாய்க்குமோ எனத் தோன்றும். ஆயினும் அது ஊகமேயாம், எத்துறைக்கும் இது பொருந்துமாதலின்.

இனி, மூச்சின்மேற் கருத்தை நிறுத்தும் பயிற்சியை அவர் கற்பிக்கும் முறை நோக்கற்பாலது. முதலில் மூச்சை எண்ணுக என்பர். ஐந்துக்குக் குறையவும் பத்துக்கு மேற்செல்லவும் ஆகாது. தொடக்கத்தில், நெல் அளப்போன் ஒவ்வொரு படியாக நிறைத்துக் கொட்டி எண்ணுவதுபோல மெல்ல எண்ணுதல் வேண்டும். மூச்சின் போக்கும் வரவும் தெளிந்தபின், தொழுவாயிலில் இருந்து கூழாங்கல்லை இட்டு மாடு எண்ணும் ஆயனைப்போல விரைந்து எண்ணுதல் வேண்டும். பின்னர் எண்ணிக்கையை விட்டு, மூக்கு நுனியிலே கருத்து நிற்கும். அந்நிலைக்கு அவர் காட்டும் உவமை நகர்வாயிற் காவலன். அவன் ஊர்க்குள் இருப்போரையும் புறத்தே திரிவோரையும் வினவித் திரியான். வாயிலை வந்தடைந்தோரையே ஆராய்வான்.

அளவைக்களம், மாட்டுத்தொழு, நகர்வாயில் என்னும் இவை யாவும் இரைச்சல் மிக்க இடங்கள். ஓசை தியானத்துக்கு முள் என்று கூறிய ஆசிரியரே, மனம் ஒருமைப்பட்டார்க்குச் சான்று தேடுங்கால் தொழிலாளரிடமே செல்கின்றார். இம்முரணை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நூலின் உயிர் இவ்வுவமைகளிலேயே உளது. தமிழில் நற்கடைப்பிடி என வழங்கும் சொல்லின் பொருளும் இவற்றாலேயே விளங்கும்: அது கண்மூடிய இன்பநிலையன்று, கைத்தொழிலிற் பிறழாமை. இக்காலத்து ஒலிப்பதிவுக் குரலொன்றைக் கேட்டுக்கொண்டு அமைதியை மட்டும் நாடிப் பயில்வோர் இதனைக் காணத் தவறுவர்.

துறைமுகத்தைக் கடிந்த இந்நூலே, வேறோரிடத்தில், பாடலிபுத்திரத்து விசாகன் கதையைக் கூறுகிறது. இலங்கைக்குக் கலமேறக் காத்திருந்த ஒரு திங்களில், கடற்கரையிற் சரக்கு வாங்கி விற்று, அறவழி வாணிகத்தால் ஆயிரங் காசு ஈட்டினான் அவன். மகாவிகாரையிலே துறவு பூணச் சென்றபோது அப்பணமுடிப்பு மடியினின்று நழுவி வீழ்ந்தது. துறந்தபின் பங்கிடல் ஆகாது, இப்போதே செய்க எனத் தேரர் கூற, விசாகனது துறவுக்கு வந்தோர் வெறுங்கையராய்ச் செல்லற்க என்று அம்முற்றத்திலேயே அதனை வாரி இறைத்துவிட்டான். அவனே பின்னர் மைத்திரித் தியானத்துக்கு நூல் காட்டும் சான்றாகிறான்.