பாட்டை வெளியே நிறுத்திய வகுப்பறை

கல்லூரிக்குள் நுழைந்த அன்றே ஜாஸ் செத்துப்போனது என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். மதுக்கூடத்திலும் நடன அரங்கிலும் வளர்ந்த இசையைப் பேராசிரியர்கள் பாடத்திட்டத்துக்குள் அடைத்தார்கள், மாணவர் குழுக்கள் மறைந்த மேதைகளைப் பிசகில்லாமல் நகலெடுக்கின்றன, அவ்வளவுதான் என்கிறார்கள். கேட்க எடுப்பாக இருக்கும் இந்த வாதத்தின் வரலாறு பிழையானது. நோய் இருப்பது உண்மை. ஆனால் அது வகுப்பறையால் வந்ததல்ல. வகுப்பறை ஒரு கட்டத்தில் பாட்டை வெளியே அனுப்பியது, அதனால் வந்தது.

அமெரிக்கக் கறுப்பினப் பள்ளிகளில் இசை தொடக்கத்திலிருந்தே மாணவர்களின் கையில்தான் இருந்தது. 1871இல் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவப் பாடகர்கள், பணமுடையில் தத்தளித்த தங்கள் நிறுவனத்தைக் காப்பாற்ற ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார்கள். 1927இல் மெம்ஃபிஸின் மனாசஸ் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய குழு, ஏழே ஆண்டுகளில் நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடையில் இருந்தது. அந்தக் குழுவில் ஊதுகருவிக்காரர்களே எழுந்து நின்று மூவராகச் சேர்ந்து பாடுவார்கள். மிசிசிப்பியின் பைனி உட்ஸ் பள்ளி முதலில் பாடகர் குழுவை அனுப்பி நிதி திரட்டியது. பிறகு 1930களின் இறுதியில் அதே பள்ளியிலிருந்து இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் என்ற மாணவியர் குழு கிளம்பியது. பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் இடையே அங்கே சுவர் கிடையாது.

சிகாகோவின் டுசாபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டயட் செய்ததற்கு இணையாக எந்தப் பல்கலைக்கழகமும் இன்றுவரை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் ஆகிய சாக்ஸஃபோன் கலைஞர்கள் அவரிடம் பயின்றார்கள். 1963இல் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோடு பாடி அழியாப் புகழ் பெற்ற ஜானி ஹார்ட்மனும் அவர் மாணவர்தான். ஹை-ஜிங்க்ஸ் என்ற மேடை நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மாணவர்களே பாடி, ஆடி, வாசித்து நடத்தினார்கள். அதன் டிக்கெட் பணம் பள்ளியின் இசை வகுப்புக்குப் போனது. கண்டிப்பான அந்த ஆசிரியரின் பெயர் ஜாஸ் கல்வி பற்றிய பேச்சில் இத்தனை அபூர்வமாக அடிபடுவது வெட்கக்கேடு.

கல்லூரி ஜாஸின் பிறந்த ஆண்டாக வழக்கமாகக் காட்டப்படுவது 1947. டெக்சாஸின் டென்டன் நகரக் கல்லூரி, இன்றைய நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம், அந்த ஆண்டு நடன இசைக்குழுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1950களின் நடுப்பகுதி வரை அங்கே கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1945இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் தொடங்கிய பள்ளி பின்னாளில் பெர்க்லீ ஆயிற்று. 1959 முதல் இசைக்குழுத் தலைவர் ஸ்டான் கென்டனின் கோடை முகாம்கள் வந்தன. ஐந்து சாக்ஸஃபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ராம்போன் என்ற அமைப்பு உறுதிப்பட்டது, போட்டிகள் பெருகின, உயரமும் வேகமும் முழக்கமும் மதிப்பெண்ணாயின. நார்த் டெக்சாஸின் ஒன் ஓ'கிளாக் குழு 1975இல் வெளியிட்ட இசைத்தட்டு கிராமி பரிந்துரை வரை போனது. அவர்கள் வாசிப்பில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்தப் பளபளப்பில் மூச்சு முட்டுகிறது. பாடகர்களுக்குத் தனித் துறை, தனி ஆசிரியர், தனி விழா என்று ஆனபின், ஒரே கட்டடத்தில் படிக்கும் ட்ராம்போன் மாணவரும் ஆல்டோ பாடகியும் நான்கு ஆண்டில் ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து பயிலாமல் பட்டம் பெறும் நிலை வந்தது.

அந்தக் காலத்திலேயே வேறொரு வழியும் திறந்திருந்தது. 1968இல் டியூக் எலிங்டன் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் இரண்டாவது புனித இசை நிகழ்ச்சியை நடத்தியபோது, ஸ்வீடனிலிருந்து வந்த ஆலிஸ் பாப்ஸோடு பள்ளிச் சேர்ந்திசைக் குழுவும் பாடியது. அதற்கு முன்பே, 1967இல், பியானோக் கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் பிட்ஸ்பர்க்கில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகி, அங்குள்ள மாணவியர் பாடுவதற்கென்றே ஒரு திருப்பலி இசையை எழுதியிருந்தார். எலிங்டனுக்கும் பென்னி குட்மனுக்கும் இசை எழுதிக் கொடுத்தவர். மாங்கும் பட் பவலும் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள். அப்பேர்ப்பட்டவர் ஸ்வரம் தேடித் தடுமாறும் பதினைந்து வயதுக் குரல்களுக்கு ஏற்றபடி தம் இசையை இறக்கவில்லை. அவர்கள் ஏறி வரும்படி எழுதினார். ப்ளூஸும் ஸ்விங்கும் வழிபாட்டு வரிகளும் ஒரே மூச்சில் வந்தன. அதன்பின் அவர் எழுதிய 'மேரி லூ'ஸ் மாஸ்' 1971இல் ஆல்வின் ஏய்லியின் நடனமாயிற்று. 1975இல் நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. 1977 முதல் 1981இல் இறக்கும்வரை வில்லியம்ஸ் டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கென்டன் முகாம்களுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தத் திருப்பலிக்குக் கிடைத்திருந்தால் கல்லூரி ஜாஸின் முகமே வேறாக இருந்திருக்கும்.

ஆகவேதான் மாணவர் குழுவும் சேர்ந்திசையும் ஒரு வாக்கேயக்காரரோடு மேடையேறும் நிகழ்ச்சிகளை நான் புதுமையாக அல்ல, மீட்சியாகவே பார்க்கிறேன். 2016 டிசம்பர் 10 அன்று எம்ஐடியின் கிரெஸ்கி அரங்கில் நடந்தது இதற்கு நல்ல சான்று. லண்டனில் தம் வீட்டு அறையிலேயே எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, எல்லாக் குரல்களையும் தாமே பாடி 'இன் மை ரூம்' என்ற இசைத்தொகுப்பை அதே ஆண்டு வெளியிட்டிருந்தார் ஜேக்கப் காலியர். வயது இருபத்திரண்டு. ஒற்றை ஆளே இனி இசைக்குழு என்று உலகம் வியந்த நேரத்தில் அதே பாடல்கள் மாணவர்களின் கைக்கு வந்தன. எம்ஐடியின் ஃபெஸ்டிவல் ஜாஸ் குழு 1963இல் ஹெர்ப் பாமராய் தொடங்கியது. அதில் பெரும்பாலோர் பொறியியலும் அறிவியலும் படிப்பவர்கள். போட்டிக் கோப்பை அவர்கள் குறியல்ல. ஃபிரெடெரிக் ஹாரிஸ் நடத்த, அங்கேயே படித்து அந்தக் குழுவை முன்பு இயக்கியவரான ஜாம்ஷிட் ஷரிஃபியின் இசையமைப்புகளும் சேர, ஒருவரின் தொண்டையிலிருந்து அடுக்கடுக்காக வந்த சுரங்கள் பலருடைய மூச்சாகப் பிரிந்தன. அறைக்குள் கச்சிதமாக இருந்த பாட்டு அங்கே கொஞ்சம் பிசிறியது, விரிந்தது. எனக்கு அந்த வடிவமே உயர்ந்தது.

இதில் மாணவர் கற்பது எந்தப் போட்டியிலும் கிடைக்காது. பாட்டு எழுதுபவர் கிட்டாரை மடியில் வைத்து ஈ மேஜரில் எழுதிக்கொண்டு வருவார். ட்ரம்பெட் வாசிப்பவருக்கு அது ஆறு ஷார்ப். ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு ஏழு. சுருதியை அரைப்படி இறக்கினால் ஊதுபவர்களுக்கு நிம்மதி. பாடுபவரின் குரலில் இருந்த நடுக்கம், அதாவது பாட்டின் உயிர், போய்விடலாம். யார் விட்டுக்கொடுப்பது? பதின்மூன்று ஊதுகருவிகள் முழங்கும்போது சொல் கேட்காது. ஆகவே சொல் முடியும் இடத்தில் பித்தளை நுழைய வேண்டும். அதற்கு ட்ராம்போன்காரருக்குப் பாட்டின் வரிகள் மனப்பாடமாக வேண்டும். சேர்ந்திசையினர் மூச்செடுக்கும் இடத்தை ட்ரம்ஸ் வாசிப்பவர் கவனிக்க வேண்டும்.

விருந்தினர் வந்தாலே போதும் என்று சொல்ல வரவில்லை. புகழ்பெற்றவர் மாலையில் விமானத்தில் இறங்கி, பழைய வெற்றிப் பாடல்கள் நான்கைப் பாடி, மாணவர்களைப் பின்னணித் திரையாக நிறுத்திவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளே அதிகம். அவற்றால் கல்லூரியின் விளம்பரத் துறைக்கு லாபம், இசைக்கு ஒன்றுமில்லை. 2014 அக்டோபரில் பாஸ்டன் சிம்பனி ஹாலில் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களை அவர் முன்னிலையில் பெர்க்லீ மாணவர்கள் அளித்தது அப்படிப்பட்டதல்ல. 2011இல் அனெட் ஃபிலிப் தொடங்கிய இந்திய இசைக்குழு அந்தப் பாடல்களோடு உழைத்துத் தன் வழியில் திருப்பி எழுதியிருந்தது. அந்தக் குழு அத்தோடு கலைந்துவிடவில்லை. அதன் 'ஷுருவாத்' தொகுப்பு 2023 கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இதுதான். பாட்டு எழுதுபவரை ஒரு மாலைக்கு அல்ல, ஒரு பருவம் முழுவதும் அழைக்க வேண்டும். அந்த மாணவர்களின் குரலையும் வாத்தியத்தையும் கேட்டபின் எழுதப்படும் புதிய பாடல்களைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் ஒத்திகையிலிருந்தே சேர்ந்திசைக் குழுவும் பேண்டும் ஒரே அறையில் உட்கார வேண்டும். எலிங்டனின் கருவியிசை ஏடுகளை லிங்கன் சென்டர் 1990களின் நடுவிலிருந்து பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பிவருவது பெரிய தொண்டு. மேரி லூ வில்லியம்ஸின் திருப்பலியும் அதே போலப் பள்ளிகளின் கைக்குப் போக வேண்டும்.