விடை சரி, வழி தவறு

பிளஸ் ஒன் கணக்கை ஒழுங்காகப் படிக்காமலே கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட பிள்ளைகளுக்கு, விட்டுப்போன இடத்தை இணையவழிப் படிப்பு நிரப்பித் தருமா? அமெரிக்கக் கல்லூரிகள் முதலாண்டில் ஒரு தாளாக வைக்கும் இயற்கணிதமும் முக்கோணவியலும் நம்மிடம் பதினோராம் வகுப்புப் பாடம். கணங்கள், சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், மடக்கை, முக்கோணவியல் முற்றொருமைகள் எல்லாம் பாடநூலின் முதல் தொகுதியிலேயே வந்துவிடுகின்றன. வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கும் இயற்கணிதத்துக்கு ஓர் இயல், முக்கோணவியலுக்கு ஓர் இயல் உண்டு. பாடத்திட்டத்தில் குறையில்லை, நடத்தியதில்தான் குறை. பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் பழைய குறுக்குவழி மறுபடி திறந்துகொள்ளுமோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. அப்படித் திறந்தால் அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி இன்னும் கனமாக வந்து நிற்கும்.

ஒத்தக்கடையை வைத்தே பார்ப்போம். மதுரை-மேலூர் சாலையில் யானைமலையின் அடியில் இருக்கும் ஊர். 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இங்கே இருக்கிறது. 2004 முதல் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளையும் அருகில்தான். டவுன் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். அங்கிருந்து மதுரையின் எந்தக் கல்லூரிக்கும் போய்விடலாம். இங்கிருந்து வணிகவியல் பிரிவு படித்துவிட்டு பி.சி.ஏ. சேர்ந்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்திலேயே சார்பு, மடக்கை, அணி என்று தாள் ஓடுகிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தில் ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். மாலையில் டியூஷனுக்குப் போக நேரமும் காசும் இல்லை. கையில் இருப்பது போன். அவளிடம் நாம் என்ன சொல்வது?

இருப்பதில் உருப்படியானது எது என்று கேட்டால், சென்னை ஐஐடியின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பில் உள்ள முதல் கணிதத் தாளைத்தான் சொல்வேன். 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட படிப்பு அது. ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்து, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பும் கிடையாது. முதல் நான்கு வாரப் பாடத்தைத் திரையில் பார்த்து, வாராவாரம் பயிற்சிகளை முடித்து, அவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்களுக்குத்தான் தகுதித்தேர்வு. அந்தத் தேர்வு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதல்ல, மையத்துக்கு நேரில் போய் எழுதுவது. கணங்களும் தொடர்புகளும், பிறகு நேர்கோடுகள், பிறகு இருபடிச் சார்பு, பிறகு பல்லுறுப்புக் கோவை என்று பாடம் நிதானமாக ஏறுகிறது. சார்பு என்றால் என்ன என்பதை அவசரப்படாமல், முன்பு படித்திருப்பீர்கள் என்று தட்டிக்கழிக்காமல் விளக்கும் காணொளிகள் அவை. ஒரே வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு ஓடும் ஆசிரியருக்கு அந்த நிதானம் வாய்ப்பதில்லை. புரியாத இடத்தை மூன்றாம் முறையும் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்பது கூச்சப்பட்டே கணக்கை விட்டவர்களுக்குப் பெரிய விடுதலை.

ஆனால் அந்தத் தாளில் முக்கோணவியலுக்கென்று ஒரு வாரம்கூட இல்லை. தரவு அறிவியலுக்கு மடக்கையும் வகையீடும் போதும் என்று கருதி அமைத்த பாடத்திட்டம். அந்த நோக்கத்துக்கு அது சரி. நம் மாணவிக்கு அது பாதிதான். மீதிப் பாதிக்கு 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் பதினோராம் வகுப்புக் கணிதப் பாடம் இருக்கிறது. தமிழில் வேண்டுமென்றால் கல்வித் தொலைக்காட்சியின் காணொளிகள் இருக்கின்றன, பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் கட்டங்கள் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இவைதான் உண்மையான நுழைவாயில். குறை என்னவென்றால், இந்தத் தமிழ்க் காணொளிகளில் கெடுவும் இல்லை, பாடம் முடிந்ததும் உட்கார வைக்கும் தேர்வும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத கணக்குப் பாடத்தை எத்தனை பேர் பாதியில் விட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2003 முதல் இயங்கும் என்பிடெல் இதற்குப் பயன்படாது. அதன் கணிதப் பாடங்கள் பெரும்பாலும் நுண்கணிதத்துக்கு மேல்தான் தொடங்குகின்றன. ஆனால் அதன் மதிப்பீட்டு முறையில் கற்க ஒன்று உண்டு: வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சி விடைகள் வாட்ஸ்அப்பில் கைமாறும் என்று தெரிந்தவர்கள் வகுத்த விகிதம் அது.

இதுவரை எடைபோட்டது பாடத்தையும் தேர்வையும்தான். கணக்கு படிப்பதில் முக்கியமான இடம் இவை இரண்டுக்கும் நடுவில், நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கேதான் இணையவழிப் படிப்பு சறுக்குகிறது என்பது என் முதன்மையான குற்றச்சாட்டு. வாதம் ஒரு கணக்கை நம்பி நிற்பதால் அதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

இரட்டைக் கோணத்தின் சைன், அந்தக் கோணத்தின் சைனுக்குச் சமம் என்று ஒரு சமன்பாடு. மிகச் சிறிய நேர்மக் கோணம் எது என்று கேள்வி. பெரும்பாலான மாணவர்கள் இரட்டைக் கோணத்தின் சைனை, இரண்டு பெருக்கல் சைன் பெருக்கல் காஸ் என்று விரிப்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் இருக்கும் சைனை அடித்துவிடுவார்கள். காஸ் அரை என்று வரும். கோணம் 60 பாகை. விடையைக் கட்டத்தில் தட்டினால் பச்சை டிக். முழு மதிப்பெண். ஆனால் செய்த வேலை தவறு. சைன் பூச்சியமாகவும் இருக்கலாம். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது. அதை அடித்த கணத்தில் 0 பாகையும் 180 பாகையும் காணாமல் போய்விட்டன. கேள்வி கேட்டது மிகச் சிறிய நேர்மக் கோணத்தை என்பதால் தொலைந்தவை கணக்கில் வரவில்லை. இந்தப் பிழை திருத்தப்படாமல் அடுத்த பருவத்துக்குப் போகிறது. அங்கே சமன்பாடு வேறு, பிழை அதே. மதிப்பெண் குறையும்போது ஏன் குறைந்தது என்று மாணவிக்கும் தெரியாது, தளத்துக்கும் தெரியாது. நோட்டை வாங்கிப் பார்க்கும் ஆசிரியை ஒருவர் அந்த வரியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தால் போதும். அரை நிமிட வேலை.

இயந்திரம் எல்லாப் பிழையையும் விட்டுவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஓர் எண்ணோடு ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வருகிறது, அந்த எண் எது என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 3 வரும், கழித்தல் 2ம் வரும். இரண்டையும் எழுதினால் தளம் தவறென்று காட்டிவிடும், ஏனென்றால் கழித்தல் 2 பொருந்தாது. தவறு என்று தெரிகிறது. எங்கே நுழைந்தது, வர்க்கப்படுத்தியதும் பொய்யான விடை எப்படிப் பிறக்கிறது என்பது தெரிவதில்லை. பயிற்சிக் கேள்விகளை நன்றாக அமைத்தால் இந்த வகைப் பிழைகளில் பாதியைப் பிடிக்கலாம். முக்கோணவியல் முற்றொருமையை நிறுவும் கணக்கில் அதுவும் முடியாது. அங்கே விடை கேள்வியிலேயே இருக்கிறது. வழி மட்டும்தான் மாணவியுடையது. வழியைப் படிக்காத தளத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதற்கு வெளியூர்ச் சாட்சி ஒன்று உண்டு. 2013 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகமும் உடாசிட்டி நிறுவனமும் சேர்ந்து மூன்று தாள்களை இணையத்தில் நடத்தின: அடிப்படைக் கணிதம், கல்லூரி இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல். கட்டணம் 150 டாலர். இயற்கணிதத்தில் தேறியவர்கள் பாதிக்கும் குறைவு. அடிப்படைக் கணிதத்தில் ஏறக்குறைய 24 விழுக்காடு. யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களே அதிகம் தோற்றார்கள். கோடையில் மறுபடி நடத்தியபோது இயற்கணிதத்தின் தேர்ச்சி 70 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். பட்டம் பெற்றவர்கள் பழைய பாடத்தைத் தூசி தட்டிக்கொள்ள இணையம் நன்றாக உதவியது, முதன்முறை கற்பவர்களைக் கைவிட்டது என்றே நான் அந்த எண்களைப் படிக்கிறேன். பின்னர் வந்த ஆய்வறிக்கை இன்னொன்றையும் சொன்னது: மாணவர் யார் என்பதைவிட, எத்தனை பயிற்சிகளை எழுதி முடித்தார் என்பதே தேர்ச்சியை அதிகம் தீர்மானித்தது. எழுத வைப்பது யார் என்ற கேள்விக்குத்தான் இதுவும் வந்து சேர்கிறது.

மதுரைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1966இல் பிறந்த பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கரஸ்ஸில் பட்டம் வாங்கிய ஆசிரியர்களும் எழுத்தர்களும் தென்மாவட்டங்களில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். வீட்டுக்கு வரும் பாடப்பொதி பாதிதான், விடுமுறை நாள் தொடர்பு வகுப்புதான் மீதி என்பதை அந்த முறை அறிந்திருந்தது. திரை வந்தபோது பொதி பலமடங்கு அழகானது. தொடர்பு வகுப்பு தேய்ந்துவிட்டது.

முக்கோணவியலைப் பற்றி ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் என் எடை ஒருபக்கம் சாய்ந்ததாகிவிடும். ஓரலகு வட்டத்தில் ஒரு புள்ளி சுற்றிவர, அதன் உயரம் பக்கத்தில் அலையாக விரிவதைக் கரும்பலகையில் யாராலும் காட்ட முடியாது. ஜியோஜீப்ரா அதைப் போனில் இலவசமாகக் காட்டுகிறது; விரலால் புள்ளியை நகர்த்தலாம். 150 பாகையின் சைன் 30 பாகையின் சைனுக்குச் சமம் என்று மனப்பாடம் செய்தவள், அது ஏன் என்று அன்றைக்குப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். இந்த ஓர் இடத்தில் திரை நல்ல ஆசிரியரையும் மிஞ்சுகிறது.

ஆனால் முக்கோணவியல் நிலத்தில் பிறந்த கணக்கு. ஒத்தக்கடையில் இருப்பவளுக்கு அதற்கான கருவி வாசலிலேயே நிற்கிறது. பாகைமானி, உறிஞ்சுகுழல், நூலில் கட்டிய சிறு கல் இருந்தால் யானைமலையின் உச்சிக்கு ஏற்றக் கோணம் எடுக்கலாம். மலையடிக்கு நேரே தொலைவு அளக்க முடியாதாகையால், ஓர் இடத்தில் கோணம் எடுத்து, மலையை நோக்கி 100 மீட்டர் நடந்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, முதல் கோணம் 10 பாகை, இரண்டாவது 12 என்று வைத்தால் உயரம் சுமார் 103 மீட்டர் என்று வரும். கை நடுங்கி இரண்டாவதை 11 என்று படித்துவிட்டால் 190 மீட்டர். ஒரு பாகைப் பிழையில் மலை ஏறக்குறைய இருமடங்காகிறது! இதை ஒருமுறை செய்தவளுக்கு, அளக்கும் அடிக்கோடு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டாம். 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு ஏறக்குறைய ஏழரை மைல் அடிக்கோட்டை ஏன் சங்கிலி போட்டு அளந்தார் என்பதும் புரிந்துவிடும். நான் பார்த்த எந்த இணையப் பாடமும் மாணவியை எழுந்து வெளியே போகச் சொல்லவில்லை. சொல்வதற்குச் செலவேதும் இல்லை.

ஆக என் தீர்ப்பு இது. பத்தாம் வகுப்புக் கணக்கில் காலூன்றியவர்கள், பிளஸ் ஒன்னை அரைகுறையாகப் படித்தவர்கள், வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள், இயற்கணிதத்தை இணையத்தில் தயங்காமல் எடுக்கலாம். நேரில் தேர்வு வைக்கும் பாடமாகப் பார்த்து எடுக்க வேண்டும், சென்னை ஐஐடியின் தாள் அதற்குத் தகுதியானது. முக்கோணவியலுக்கு இன்றைய நிலையில் பதினோராம் வகுப்புப் பாடநூலே முதன்மை, காணொளி துணை. கணக்கையே முதன்முறை கற்பவர்களுக்கு, நோட்டைப் படிக்க ஒரு மனிதர் இல்லாத இணையப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அவர்களுக்குத் தோல்வியைத்தான் கற்றுத்தரும், தவறு தங்களுடையது என்ற எண்ணத்தையும் சேர்த்து.

அந்த மனிதரை யார் கொடுப்பது? கட்டணத்துக்கு உதவி செய்ய அரசு முன்வந்திருக்கிறது. ஐஐடி படிப்பில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தாட்கோ வழியாகப் பயிற்சியும் கட்டண உதவியும் அறிவிக்கப்பட்டன. அதே கணக்கில் நோட்டுத் திருத்துபவருக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் ஒத்தக்கடையிலும் நரசிங்கத்திலும் மேலூரிலும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை, அரசுப் பள்ளியின் ஒரு வகுப்பறை, மின்விளக்கு, இருபது நோட்டுகள். இணையப் பாடத்தின் வாராந்தரக் கெடுவுக்கு முந்தைய நாள் அந்த நோட்டுகள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சைனை அடித்த வரியில் அவர் வட்டம் போட வேண்டும். கல்லூரிகளும் இணையப் பாடங்களுக்கு வழிகாட்டியாகப் பெயரளவில் ஒருவரை நியமிப்பதை நிறுத்திவிட்டு, அவருடைய கால அட்டவணையில் நோட்டுத் திருத்தும் மணிநேரத்தை எழுத்தில் சேர்க்க வேண்டும்.