'பொன்னகரம்': சட்டம் காணாத கேள்வி

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) கற்பு பற்றிய விவாதமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இவ்வாசிப்பு கதையின் ஒரு பாதியை மட்டுமே காண்கிறது. ஆலைத் தொழிலாளியான அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்கவே சந்தின் இருளுக்குள் செல்கிறாள். அவளை நாடிய ஆணுக்குக் கதையில் பெயரில்லை; அவன்மீது கேள்வியும் எழுவதில்லை.

இந்த விடுபாடு சட்டத்திலும் உண்டு. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், தனியிடத்தில் நிகழும் பாலியல் தொழிலைக் குற்றமாக்கவில்லை. எனினும் அதன் 8ஆம் பிரிவு, பொதுவிடத்தில் அழைப்பு விடுத்தலைத் தண்டிக்கிறது. சந்தில் நிற்பவளே முதலில் அகப்படுகிறாள். சுவீடன் 1999 முதல் விலைகொடுப்பவரைத் தண்டிக்கிறது. நியூசிலாந்து 2003இல் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. முன்னதன்படி அந்த ஆண் குற்றவாளி. பின்னதன்படி இருவரும் குற்றமற்றவர். ஆயின் கஞ்சிக்கு வழி இரண்டிலும் இல்லை. கதையின் வலிமை இக்கேள்வியை முன்வைப்பதில் உள்ளது.

அதன் குறையும் சுட்டத்தக்கது. தன் முடிவு குறித்து அம்மாளு பேசுவதில்லை. கதைசொல்லியே அவளுக்காக வாதிடுகிறார். இரண்டாண்டுகளுக்குப் பின் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' நாவலில் பெண்களே தம் நிலையை வாதிடுகின்றனர். கலையமைதியில் 'பொன்னகரம்' மேம்பட்டது. குரலுரிமையில் அந்நாவலே முன்நிற்கிறது. எனவே இவ்விரு பனுவல்களையும் இணைத்து வாசித்தல் இன்றியமையாதது.