வீட்டுக் காவல் அலாரம்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

திருடன் வராத இரவில் அலறுகிற அலாரம், அலாரமே இல்லாத நிலையைக் காட்டிலும் அபாயகரமானது; ஏனெனில், காரணமின்றி அது இரண்டு மூன்று முறை கூச்சலிட்ட பிறகு அண்டை வீட்டார் ஜன்னலைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள்; வீட்டுக்காரரோ தூக்கத்தை உத்தேசித்து அதை நிரந்தரமாக அணைத்துவிடுகிறார். இவ்வாறு அணைக்கப்பட்டுச் சுவரில் வெறும் அலங்காரமாகத் தொங்கும் பெட்டிகளைப் பழுது பார்ப்பது உசிதமா, கழற்றிவிட்டு இப்போது கடைகளில் விற்கும் ஒயரில்லாத ஸெட்டை வாங்குவது உசிதமா என்பதைத் தீர்மானிக்கும் பொருட்டு, திருச்சியில் எங்கள் வீட்டிலுள்ள பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒயர் அலாரத்தைப் பிரித்துப் பார்த்ததுடன், ஒயரில்லாத ஸெட் ஒன்றையும் வாங்கி அதே கதவுகளில் பொருத்திப் பரீட்சித்தேன்.

அமெரிக்காவில் சாமர்வில் நகரத்துப் பாதிரியாரான அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-இல் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குப் பேடண்ட் பெற்றார். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதைப் பாஸ்டனில் வியாபாரமாக விருத்தி செய்தார். போப்பின் ஏற்பாட்டில் கதவு திறந்தால் மின்சுற்று கூடி மணி அடிக்கும்; ஒயரை நறுக்கிவிட்டால் மணி ஊமையாகிவிடும். இன்றைய ஒயர் அலாரம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. காவலில் இருக்கும் நேரமெல்லாம் சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க, கதவு திறந்தாலும் சரி, ஒயர் அறுந்தாலும் சரி, ஓட்டம் தடைப்பட்டவுடன் சைரன் ஊதுகிறது. அதன் பலம் இதுவே. தளர்ந்த இணைப்பு ஒன்று போதும் பொய்க் கூச்சலுக்கு என்பதால், அதன் உபத்திரவத்துக்கும் இதுவே மூலம்.

எங்கள் அலாரம் பெரும்பாலும் கரண்ட் போன இரவுகளில்தான் அலறிற்று. இது முக்கியமான துப்பு. வெளிச்சுவரில் உள்ள சைரனுக்குள் தனியாக ஒரு சிறு பாட்டரி உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோனால், யாரோ ஒயரை அறுத்துவிட்டார்கள் என்று எண்ணி அது தானாகவே ஊதத் தொடங்கும். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் கரண்ட் போனது சைரனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டரி செத்துக் கிடந்தால், மின்வாரியத்தின் தடையையும் திருடனின் கத்தரியையும் பிரித்தறியச் சைரனுக்கு மார்க்கம் இல்லை.

இங்கே மல்ட்டிமீட்டர் நம்மை ஏமாற்றக்கூடும். மெயின் கரண்ட் இருக்கும்போது அளந்தால் 13.6 வோல்ட் என்று கம்பீரமாகக் காட்டும். அது சார்ஜரின் வோல்ட்டேஜே அன்றிப் பாட்டரியினுடையது அன்று. மெயினை அணைத்து, சைரனை ஒலிக்கவிட்டு அளந்தபோது முள் பத்து வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கையில் பாட்டரியின் இரு பக்கங்களும் உப்பியிருந்தன. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. இவ்வகைப் பாட்டரியின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்பார்கள். நம் ஊர் உஷ்ணத்தில், அதுவும் மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமில்லாத மூலையில், மூன்றே நிச்சயம். புதியது ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். பேனலுக்குள் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இருப்பதால், மெயினை அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இரண்டாவது குறை கொல்லைக் கதவில். நிலையில் பொருத்திய காந்த ஸ்விட்சினுள் ஒரு சிறு கண்ணாடிக் குழலும் அதற்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகளும் இருக்கின்றன. கதவிலுள்ள காந்தம் அருகே இருக்கும்வரை நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதி முழுமையாகச் சாத்தாமல் நின்றபோது, இடைவெளி அதிகரித்து நாக்குகள் ஒட்டியும் விலகியும் தடுமாறின. தனியாக ஒரு காந்தத்தைக் கையால் அருகே கொண்டுசென்றவுடன் பேனலில் அந்தக் கதவுக்குரிய ஸோனின், அதாவது ஒயர்ப் பிரிவின், சிவப்பு விளக்கு அணைந்தது. ஆகவே ஸ்விட்சு பழுதில்லை. காந்தத்துக்கு அடியில் ஒரு தக்கையை வைத்து நெருக்கியதோடு காரியம் முடிந்தது.

ஹாலில் மூலையிலிருந்து நோக்கும் பி.ஐ.ஆர். சென்சார் மூன்றாவது. இது எதையும் வீசுவதில்லை. மனித உடலிலிருந்து வெளிப்படும் கண்ணுக்குத் தெரியாத உஷ்ணக் கதிர்களை ஏற்கிறது, அவ்வளவே. அதன் முகத்திலுள்ள வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரிப்பதால், ஒருவர் பட்டைகளைக் குறுக்கே கடக்கும்போது எளிதில் கண்டுகொள்ளும்; நேராக அதை நோக்கி வருபவரை அவ்வளவு சீக்கிரம் உணராது. எங்கள் சென்சாரின் மூடியைக் கழற்றினால், ஒயர் நுழையும் துவாரத்தின் வழியே குடியேறிய சிலந்தி ஒன்று லென்ஸின் உட்புறத்தில் வலை பின்னியிருந்தது. துவாரத்தைச் சிலிக்கான் பசையால் அடைத்தேன். சித்திரை மாதத்துப் பிற்பகலில் சுவரும் தரையும் உடல் உஷ்ணத்தை எட்டிவிடும்போது இச்சென்சாரின் கூர்மை மங்குவது அதன் பிறவிக் குணம்; அதை மட்டும் நம்பிக் கதவு ஸ்விட்சுகளைக் குறைப்பது விவேகமன்று.

பழுது பார்க்கும்போது இன்னொன்றும் புலப்பட்டது. ஒவ்வொரு ஸோன் ஒயரின் கோடியிலும், அதாவது ஸ்விட்சின் அருகிலேயே, ஒரு ரெஸிஸ்டர் இருக்க வேண்டும். ஒயரை யாரேனும் நடுவில் ஒட்டிக் குறுக்கிணைத்தால் பேனல் அதைக் கண்டுகொள்வது அந்த ரெஸிஸ்டரால்தான். எங்கள் வீட்டில் பொருத்தியவர், சிரமம் பாராட்டி, அத்தனை ரெஸிஸ்டரையும் பேனலுக்குள்ளேயே முறுக்கி வைத்துப் போயிருந்தார். அந்த நிலையில் அவை வெறும் சம்பிரதாயம். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அவற்றை உரிய ஸ்தானத்துக்கு மாற்றிய பிறகே இந்த யந்திரம் முதன்முறையாக முழுக் காவல் புரிந்தது என்று சொல்ல வேண்டும்.

இனி ஒயரில்லாத ஸெட். பொருத்துவதில் அதன் சௌகரியத்துக்கு ஈடில்லை; சுவரைத் துளைக்காமல் ஒரு மாலைப்பொழுதில் எல்லாம் அமைந்துவிடுகிறது; கதவு திறந்த மறுகணம் செல்போனில் செய்தி வருகிறது. ஆனால் கதவு சென்சார் ஒன்றிலிருந்து பாட்டரியை உருவிவிட்டுப் பேனலைக் காவலுக்கு வைத்தபோது, அது யாதொரு ஆட்சேபமுமின்றிக் காவலை ஏற்றுக்கொண்டது! 433 மெகாஹெர்ட்ஸில் ஒருவழியாக மட்டும் பேசும் மலிவான சென்சார்களின் பொதுவான குறை இது; அவை செத்தாலும் பேனலுக்குத் தகவல் இல்லை. கரண்ட் போனால் பேனல் தன் பாட்டரியில் விழித்திருக்கும்; வைஃபை ரூட்டர் தூங்கிவிடுவதால் செய்தி வெளியே போகாது. சிம் கார்டு போடும் வகையில் ரீசார்ஜ் காலாவதியானால் அதே கதி. 2ஜி மட்டும் அறிந்த பேனலில் ஜியோ சிம் வேலையே செய்யாது.

யோசித்துப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் உள்ள பிரதானமான பேதம் வேறு. ஒயர் அலாரத்தின் ஸ்விட்சும் சென்சாரும் சைரனும் எந்தக் கம்பெனி செய்தாலும் 12 வோல்ட்டில் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாத்திரம் மாற்றுவதுபோல், கெட்ட அங்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். பேனலே போனாலும் ஒயர்களை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பேனலை மாட்டலாம். ஒயரில்லாத ஸெட்டின் சென்சார்களோ பெரும்பாலும் தம் கம்பெனிப் பேனலுடன்தான் பேசும். ஆகவே பேனல் பழுதானால், அல்லது கம்பெனி அந்த மாதிரியை நிறுத்திவிட்டால், நல்ல சென்சார்களும் சேர்ந்து வீணாகின்றன.

என் அபிப்பிராயம் இது: சொந்த வீட்டில் ஒயர்கள் எலி கடிக்காமல் முழுசாக இருக்குமானால் பழுது பார்ப்பதே லாபம். வாடகை வீடானாலும், ஒயர்கள் பூச்சுக்குள் அறுந்து போயிருந்தாலும், ஒயரில்லாததை வாங்கலாம். வாங்குமுன் கடைக்காரரிடம், சென்சாரின் பாட்டரியை எடுத்தால் பேனல் அறிவிக்குமா என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும். எதை வைத்திருந்தாலும், மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, ஒவ்வொரு கதவையும் திறந்து, ஹாலைக் குறுக்கே கடந்து, சைரன் ஒலிக்கிறதா என்று சோதிப்பது அவசியம். அதற்கு முன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, மெய்யாகவே அது ஒலிக்கும் இரவில் அவர்கள் எழுந்து வருவதற்கும் உதவும்.