மெல்லும் வாயும் பேசும் வாயும்

அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு பக்கத் தாள். மேலே 'வீட்டுப் பயிற்சி' என்று தலைப்பு, கீழே பன்னிரண்டு வரி. விசில் ஊதுதல் இருபது தடவை. மெழுகுவர்த்தி அணைத்தல் பத்து தடவை. கன்னத்தை உப்ப வைத்து விடுதல். உதட்டைச் சுற்றி ஜாம் தடவி நாக்கால் நக்க வைத்தல். ஸ்ட்ரா போட்டுத் தயிர் உறிஞ்சுதல். ரப்பர் குழாயைக் கடைவாயில் வைத்துக் கடிக்க விடுதல். இப்படியே போய், கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: மெல்லப் பழகினால்தான் பேச்சு வரும்.

அவள் பையனுக்கு அப்போது இரண்டரை வயது. பேச்சு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து வார்த்தை. சாப்பாடு என்றால் மிக்ஸியில் அடித்தது மட்டும்தான். ஒரு பருக்கை முழுசாக வந்துவிட்டால் ஓங்கரித்துத் துப்பிவிடுவான். "ரெண்டுக்கும் சேத்து இதுதான் வழின்னாங்கடா. நீதான் எதையாவது படிச்சிட்டே இருக்கியே, இது சரிதானான்னு பாத்துச் சொல்லு" என்றாள். நான் மருத்துவரும் இல்லை, பேச்சுப் பயிற்சி படித்தவனும் இல்லை. ஆனால் கேட்டது அக்கா. அதனால் இரண்டு மாதம் இதே வேலையாக இருந்தேன். இது அந்தத் தாளுக்கு ஒரு மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வரி முட்டாள்தனமான வரி இல்லை. மெல்லுவதும் பேசுவதும் ஒரே வாயில்தான் நடக்கின்றன. அதே நாக்கு, அதே உதடு, அதே தாடை. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்குத் தெரியும், பகரமும் மகரமும் உதடு சேர்ந்தால் பிறக்கும் என்று அது இடம் குறித்துச் சொல்கிறது. உதடே சேராத பிள்ளைக்குப் பா எங்கிருந்து வரும், உதட்டைப் பலப்படுத்து என்று நினைப்பது இயல்பு.

பெரிய ஆட்களும் இந்தப் பக்கம் நடந்திருக்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் மாமா, பாபா என்ற சொற்கள் ஏன் இத்தனை மொழிகளில் இருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். வாய் நிறைய மார்பு இருக்கும்போது குழந்தையால் போடக்கூடிய சத்தம் மூக்கு வழியாக வரும் ஒரு ம்ம்ம் மட்டும்தான். பிறகு பசித்தால், பாலைப் பார்த்தால், அம்மாவைப் பார்த்தால் அதே சத்தம் ஒரு கேட்பாக வெளிவருகிறது என்பது அவர் வாதம். நம் வீட்டு 'மம்மு'வை நினைத்துப் பாருங்கள். சோற்றுக்கும் அதே ம, அம்மாவுக்கும் அதே ம. தாலாட்டில் இருக்கும் 'தால்' என்பதற்கே நாக்கு என்றுதான் பொருள். பிள்ளைத்தமிழில் தால் என்று தனியாக ஒரு பருவமே உண்டு.

அடுத்தவர் பீட்டர் மெக்நீலேஜ். 1998இல் அவர் சொன்னது இன்னும் துணிச்சலானது. மனிதப் பேச்சின் அசைக்கு அடிப்படையே மெல்லும்போதும் உறிஞ்சும்போதும் தாடை மேலும் கீழும் போய்வரும் அந்தத் தாளம்தான், அதன்மேல் குரலை ஏற்றினால் பா-பா-பா வந்துவிடுகிறது என்றார். எனக்குப் பிடித்த கருத்து. ஆனால் கவனமாகப் பாருங்க, இது லட்சக்கணக்கான வருடப் பரிணாமத்தைப் பற்றிய கருதுகோள். ஒரு குழந்தையின் இரண்டரை வயதைப் பற்றியது இல்லை. அந்தத் தாள் செய்திருப்பது இந்தத் தாவலைத்தான். ஒரு காலத்தில் மெல்லுவதிலிருந்து பேச்சு பிறந்திருக்கலாம் என்பதை, இன்றைக்குச் சாயங்காலம் ரப்பர் குழாயைக் கடித்தால் நாளைக்கு வார்த்தை வரும் என்று மாற்றிவிட்டது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்டோபர் மூர், ஜாக்கி ருவார்க் இருவரும் 1996இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பதினைந்து மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளின் மேல் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டி, மெல்லும்போது, உறிஞ்சும்போது, மழலை பேசும்போது எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று பதிவுசெய்தார்கள். மெல்லும்போது தாடையை மூடும் தசையும் திறக்கும் தசையும் மாறி மாறி வேலை செய்கின்றன, ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். மழலையில் அப்படி இல்லை. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிடிக்குள்ளேயே தாடை லேசாக அசைகிறது. ஆக, பதினைந்து மாதத்திலேயே மூளை இந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. மெல்லுவதை மெருகேற்றிப் பேச்சாக்கும் வேலை அங்கே நடப்பதாகத் தெரியவில்லை.

பலம் என்ற வாதமும் நிற்காது. பேசுவதற்கு உதடும் நாக்கும் தம் முழுப் பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கின்றன. பேச்சுக்குத் தேவை வேகமும் நேரக்கணக்கும். நாதஸ்வரம் வாசிப்பவரைவிட உதட்டையும் மூச்சையும் பழக்கியவர் யார்? அவர் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறார் என்று யாரும் சொன்னதில்லை. சைக்கிள் மிதித்துக் காலைத் தேற்றிக்கொண்டு ஆற்றில் குதித்தால் நீச்சல் வந்துவிடுமா என்ன.

இவ்வளவு இருந்தும் இந்தப் பயிற்சிகள் ஏன் சாகவில்லை? இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. கிரெகரி லாஃப், மேகி வாட்சன் இருவரும் அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2008இல் வந்தது. பதில் சொன்னவர்களில் 85 சதவீதம் பேர் இந்த மாதிரிப் பேச்சில்லா வாய்ப்பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 2015இல் காக்ரேன் குழுவின் திறனாய்வு ஒன்று, ஒலிகளைச் சரியாக உச்சரிக்க முடியாத குழந்தைகளுக்கு இவை உதவுகின்றனவா என்று தேடியது. தகுதியாகக் கிடைத்தவை மூன்றே மூன்று சிறிய ஆய்வுகள். அவற்றிலும் உருப்படியான சான்று இல்லை. ஆனால் விசில் ஊதினால் சத்தம் வருகிறது, மெழுகுவர்த்தி அணைகிறது. பெற்றோருக்குக் கண்ணெதிரே ஏதோ நடக்கிறது. பையனிடம் பேசிக்கொண்டே துணி மடிப்பதை இருபது தடவை என்று எண்ணித் தாளில் எழுத முடியாதே.

விழுங்குவதிலேயே சிக்கல் உள்ள குழந்தைகள், மூளைவாதம் உள்ளவர்கள், அண்ணப்பிளவு உள்ளவர்கள் கதை வேறு. அங்கே உணவூட்டும் பயிற்சி என்பது தனித்துறை. அதை நேரில் பார்த்து, அந்தப் பிள்ளைக்கென்று திட்டம் போட்டுச் செய்கிறார்கள். என் சண்டை எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் கொடுப்பவர்களோடு.

இந்த இடத்தில் வசம்பைப் பற்றியும் சொல்லணும். அக்கா வீட்டில் தாளுக்கு முன்னாலேயே அது வந்துவிட்டது. அத்தையம்மா விளக்கில் சுட்டு, உரசி, நாக்கில் தடவினார். வசம்பு தடவினால் பேச்சு வரும் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. அதில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டார்கள். கூடவே தேன் தடவுவார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி குழந்தையின் தசைகளையே செயலிழக்க வைத்துவிடும். பாட்டியின் வசம்பும் சென்டரின் ஜாமும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் தெரிகின்றன. இரண்டும் நாக்கில் எதையாவது தடவினால் நாக்கு பேசும் என்று நம்புகின்றன. பாட்டி காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, மெல்லுவது முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் சாப்பிடுவதற்காக. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 2001இல் வந்த கட்டுரை, பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகள் பதினைந்து மாதத்தில் சாப்பிட அதிகம் படுத்தினார்கள் என்றது. 2009இல் அதே பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்தபோது, அவர்கள் காய், பழம் குறைவாகவே தின்றார்கள். இதை வைத்து, தாமதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முதலிலிருந்தே ஓங்கரிக்கிற பிள்ளைக்குத்தான் அம்மா பயந்துகொண்டு குழைத்தே கொடுத்திருப்பாள், அப்படியும் இருக்கலாம். ஆனாலும் மிக்ஸியை ஒன்றரை வயதுவரை கூட்டிக்கொண்டு போவதில் லாபம் எதுவும் தெரியவில்லை. கையால் மசித்த சாதம், பிறகு பாதி மசித்தது, பிறகு இட்லி விள்ளல், வெந்த கேரட் என்று போகலாம். ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஓங்கரிக்கும் பிள்ளை சத்தம் போடும், இருமும். மூச்சடைத்த பிள்ளையிடம் சத்தமே வராது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, உடைந்த முறுக்கு எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. அது தசையில் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருக்கிறது. கேத்தரின் ஸ்னோவும் கூட்டாளிகளும் பாஸ்டன் பக்கம் வருமானம் குறைந்த குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சை டேப்பில் பதிவுசெய்தார்கள். தட்டைச் சுற்றி நடந்த கதையும் விளக்கமும் அபூர்வமான சொற்களும் அந்தப் பிள்ளைகளின் பிற்காலச் சொல்வளத்தோடு சேர்ந்து போவதைக் கண்டார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை எந்த வீடும் தவிர்க்க முடியாது, தினமும் கிடைக்கிற வகுப்பு அது. "சாப்பிடு, முழுங்கு, வாயைத் திற" என்று மட்டும் ஓடினால் அதில் பேச்சு ஒன்றும் இல்லை. அதைவிட மோசம் போன். பாட்டு ஓடுகிறது, பிள்ளை திரையைப் பார்க்கிறது, வாய் தானாகத் திறக்கிறது, ஸ்பூன் உள்ளே போகிறது. ருசியும் தெரியாது, ஊட்டுகிற முகமும் தெரியாது.

உடனே யாராவது நிலாச்சோற்றை நினைவுபடுத்துவீர்கள். காக்காவுக்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றிய பாட்டி. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் அதையும் முழுசாகத் தூக்கிவைத்துக் கொண்டாட மாட்டேன். பேச்சுக்கு அது அருமையான ஏற்பாடு. எதிரே காக்கா, கையில் சோறு, காதில் சொல், பிள்ளை பதிலுக்குக் காட்டுகிற விரல். சாப்பாட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை. 'போதும்' என்று பிள்ளை முகத்தைத் திருப்பிய பிறகும் நிலாவைக் காட்டி நாலு வாய் திணிப்பதுதானே அதன் நோக்கமே! பசி, போதும் இரண்டையும் பிள்ளையின் முகத்தில் படித்து ஊட்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி. முகத்தைத் திருப்புவதும் ஒரு பேச்சுதான், இரண்டரை வயதில் அவனுக்கு நன்றாக வருகிற பேச்சே அதுதான். அதைக் கேட்காமல் விட்டுவிட்டு வேறு எந்தப் பேச்சை வரவழைப்பது?

இனி அந்தத் தாளில் இல்லாததைச் சொல்கிறேன். என் கோபம் எல்லாம் அதில்தான். பன்னிரண்டு வரியில் ஒரு வரிகூடக் காதைப் பற்றி இல்லை. பேச்சு தாமதம் என்றால் முதலில் செய்யவேண்டியது கேட்கும் திறன் பரிசோதனை. பிறந்தபோது செய்த பரிசோதனையில் சரியாக இருந்தது என்பது இரண்டரை வயதுக்குச் செல்லாது. அக்காவும் மாமாவும் ஐந்து மாதம், தினம் முக்கால் மணி நேரம் விசிலோடு மல்லுக்கட்டினார்கள். விசிலைப் பார்த்தாலே பையன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தான். அந்த ஐந்து மாதத்தில் யாரும் அவன் காதைப் பார்க்கவில்லை. நான் நச்சரித்த பிறகு கூட்டிப் போனார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது.

"பாத்தியா, அதான் காரணம்" என்று அக்கா அழுதாள். அப்படியும் சொல்லிவிட முடியாது. பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழு 2001இலிருந்து தொடர்ச்சியாக வெளியிட்ட முடிவுகள்படி, இப்படி நீர் தங்கிய சின்னக் குழந்தைகளுக்கு உடனே காதில் குழாய் வைத்தவர்களுக்கும், பொறுத்துப் பார்த்தவர்களுக்கும் பின்னாளில் பேச்சில் வித்தியாசம் தெரியவில்லை. நீர் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது தெரிந்திருந்தால் ஐந்து மாதமும் அவன் முகத்துக்கு நேரே போய், டிவியை அணைத்துவிட்டுப் பேசியிருப்பார்கள். அது தெரியாமல் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, "கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குறான், பிடிவாதம்" என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பரிசோதனைக்குப் பெரிய செலவுகூட இல்லை. பல மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தது. பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை இலவசம்.

இன்னொன்று, நாக்கை வெட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. நாக்குக்கு அடியில் சவ்வு இறுக்கமாக இருந்தால் பால் குடிக்கச் சிரமப்படலாம். பேச ஆரம்பிக்காததற்கு அது காரணம் இல்லை. ழகரம் வரவில்லை என்று நாலு வயதில் கவலைப்படுவோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மதுரைப் பக்கம் பெரியவர்களே வாளப்பளம் என்கிறார்கள், சென்னையில் வாயப்பயம். பிள்ளைக்கு என்ன அவசரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசினேன். ஒரு காதில் நீர் வற்றிவிட்டது, இன்னொன்றுக்குத் தை மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இட்லியைக் கையால் பிய்த்துத் தின்கிறான், தோசையின் முறுகல் ஓரத்தை மட்டும் ஒதுக்குகிறான். பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாக இருக்கிறது. தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறதாம். மாமாவுக்குக் கிழிக்க மனசு வரவில்லை, காசு கொடுத்தது.