விடுதியும் வார்டும்

மதுரையில் மச்சாளின் மூத்த மகளுக்குக் கலியாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தவள் என்றதும், "அங்க என்ன கேஸ் வரும்? என்னத்தக் கத்துக்கிட்டிருப்பீங்க?" என்றார். அதன்பின் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் மச்சாளின் இளையவள், தான் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற பயிற்சி வருடத்தைச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. ஒரே காலையில் அத்தனை நோயாளரை நான் கண்டதில்லை, அதை மறைக்கமாட்டேன். "எந்த விடுதியில நிக்கிறாய்?" என்று கேட்டேன். ஹாஸ்டலின் பெயரைச் சொன்னாள். எங்களுக்கு விடுதி என்றால் வார்டு. அவளுக்குப் போஸ்டிங், எங்களுக்கு அப்பொயின்ட்மென்ட். அவளுக்குச் செவிலியர், எங்களுக்குத் தாதி. நான் வைத்தியர் என்றால் அவள் நாட்டு மருந்து கொடுப்பவரை நினைக்கிறாள்.

அங்கே நாலரை ஆண்டு படித்துத் தேறியபின் ஒரு வருடம் எல்லாப் பிரிவுகளையும் சுற்றுகிறார்கள். கண், காது, எலும்பு, கிராமச் சுகாதாரம் என்று எல்லாவற்றிலும் அவள் கை பட்டுவிடும். எங்கள் உள்ளகப் பயிற்சியில் இரண்டே துறைகள், ஒவ்வொன்றிலும் 6 மாதம். அவர்களின் அகலம் நல்லதுதான். ஆனால் பட்டத்துக்கு முன்பே, இறுதியாண்டில், பேராசிரியரின் கீழ் வார்டில் நோயாளரைப் பார்க்கும் பேராசிரியர் அலகு எங்களுக்கு இருக்கிறது. அங்கே எனக்குக் கிடைத்த முதல் நோயாளி தீவுப்பகுதி அம்மா ஒருவர். சிறுநீரகக் கல். மூன்று பக்கம் விவரம் எழுதி வைத்திருந்தேன். ரவுண்டில் பேராசிரியர் கேட்டது ஒன்றே: "அம்மா எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறவ?" அதை நான் எழுதியிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டு முடிக்கும்வரை முழு அலகும் கட்டிலைச் சுற்றிப் பேசாமல் நின்றது. அன்றிலிருந்து எந்த நோயாளியிடமும் தண்ணீரை விசாரிக்காமல் விட்டதில்லை.

மனநலம் எங்கள் இறுதித் தேர்வில் தனிப் பாடம். தமிழ்நாட்டில் அது பொது மருத்துவத்துக்குள் அடக்கம். பயிற்சி வருடத்தில் 2 வாரம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் குண்டு விழுந்த காலத்திலேயே அந்தத் துறையை எங்கள் மண்ணில் ஊன்றினார்கள். வீடும் பிள்ளையும் இழந்தவர் முன்னால் எப்படி உட்காருவது என்பதை நாங்கள் மாணவராகவே படித்தோம். இது கேஸ் இல்லையா?

சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது, எங்கள் பீடம் 1978இல். வயதில் மூத்தவர்கள்தான். ஆனால் 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த நிபுணருக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

வார்டில் ஒரு பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "சத்தி எடுத்தனீங்களோ, அம்மா?" என்றேன். அவர் விழித்தார். "வாந்தி எடுத்தீங்களான்னு அத்தை கேக்குறாங்க பாட்டி," என்று இளையவள் எடுத்துச் சொன்னாள். என் பாட்ச்சில் குருநாகலில் இருந்து வந்த சிங்களப் பெண் ஒருத்தி, மூன்றாம் வருடமே யாழ்ப்பாணத்து அம்மாமாரிடம் அந்தக் கேள்வியை அதே சொல்லில், அதே இழுவையில் கேட்பாள். அவர்களும் "இல்லைப் பிள்ளை" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.