உஸ்தாத் ஹோட்டல்: சமையற்கட்டு மேற்பார்வை நோக்கில் ஒரு திறனாய்வு

'உஸ்தாத் ஹோட்டல்' 2012-ஆம் ஆண்டு வெளிவந்த மலையாளத் திரைப்படம். அஞ்சலி மேனன் எழுத, அன்வர் ரஷீத் இயக்கினார். துல்கர் சல்மான், திலகன், நித்யா மேனன், சித்திக் முதலியோர் நடித்துள்ளனர். 60-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பொழுதுபோக்குப் படம், சிறந்த வசனம் ஆகிய இரு விருதுகளை இப்படம் பெற்றது. அதே 2012-இல் மறைந்த திலகனுக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது.

தாத்தா–பேரன் பாசத்தையும் உணவின் மேன்மையையும் சொல்லும் படம் என்றே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. சமையற்கட்டில் வேலை செய்பவர்களை வழிநடத்துவது எப்படி என்ற கேள்விக்கும் இதில் ஒரு விடை உண்டு. அந்த விடை உண்மையானது; ஆனால் முழுமையானதன்று.

கதைச் சுருக்கம்

ஃபைசி என்னும் இளைஞன் ஹோட்டல் நிர்வாகம் படிப்பதாகத் தந்தையிடம் சொல்லிவிட்டு, சுவிட்சர்லாந்தில் சமையற்கலை பயில்கிறான். உண்மை தெரிந்ததும் தந்தை சினந்து அவனது கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஃபைசி கோழிக்கோடு கடற்கரையில் சிறிய உணவகம் நடத்தும் தாத்தா கரீமிடம் போகிறான். அந்த உணவகம் பிரியாணிக்குப் பேர்போனது, கடனிலும் இருக்கிறது. பக்கத்திலுள்ள நட்சத்திர ஹோட்டலுக்கு அந்த இடத்தின்மேல் கண். சுகாதாரக் குறை காட்டப்பட்டு உணவகம் மூடப்படுகிறது. ஃபைசியும் தொழிலாளர்களும் சேர்ந்து அதை மீண்டும் திறக்கிறார்கள். பின்னர் தாத்தா அவனை மதுரைக்கு அனுப்புகிறார். அங்கே காணும் காட்சிகள் அவன் மனத்தை மாற்றுகின்றன.

கீழிருந்து தொடங்கும் பயிற்சி

வெளிநாட்டில் படித்து வந்த பேரனைத் தாத்தா அடுப்பருகே விடுவதில்லை. மூட்டை தூக்குவது, சுத்தம் செய்வது போன்ற வேலைகளையே முதலில் தருகிறார். படம் பார்ப்பவர்கள் இதைப் பேரனின் செருக்கை அடக்கும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடும். மேற்பார்வை நோக்கில் இது படத்தின் மிகச் சிறந்த பகுதி.

ஓர் அண்டாவைத் தேய்த்துக் கழுவ எவ்வளவு நேரமாகும் என்று தெரியாதவர், மதியப் பந்தி முடிந்து மாலைச் சிற்றுண்டி தொடங்குவதற்குள் எத்தனை பாத்திரம் கழுவி முடிக்கலாம் என்று திட்டமிட முடியாது. வெங்காயம் நறுக்கிப் பழகாதவருக்கு அந்த வேலைக்கு ஓர் ஆள் போதுமா, இருவர் வேண்டுமா என்பது விளங்காது. அப்படிப்பட்டவர் இடும் கட்டளை கூச்சலாகவே முடியும். வேலையின் அளவை உடம்பால் அறிந்தவர் குரலை உயர்த்த வேண்டிய தேவை குறைவு. 'உஸ்தாத்' என்ற சொல்லுக்கு ஆசான் என்று பொருள். கரீம் அதிகம் அறிவுரை சொல்லாமல், செய்ய வைத்தே கற்பிக்கும் ஆசான்.

இருவகைச் சமையற்கட்டுகள்

ஃபைசி பயின்று வந்தது ஐரோப்பிய முறை. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஒகுஸ்த் எஸ்காஃபியே (1846–1935) பெரிய ஹோட்டல்களின் சமையற்கட்டைப் படைப்பிரிவு போல ஒழுங்குபடுத்தினார். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் எனப் பொறுப்பு பிரியும்; எல்லோருக்கும் மேலே தலைமைச் சமையற்காரர் இருப்பார். யார் எதற்குப் பொறுப்பு என்பதில் ஐயம் இராது.

நம் ஊர் உணவகங்களின் முறை வேறு. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பகுதிகளில் காணப்படும் சிறிய உணவகங்களை எடுத்துக்கொள்ளலாம். சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், காய் நறுக்கும் உதவியாள், பாத்திரம் தேய்ப்பவர் என்று ஐந்தாறு பேர் இருப்பார்கள். முதலாளி கல்லாவில் அமர்ந்திருப்பார். சமையற்கட்டில் மாஸ்டர் சொல்வதே சட்டம். அளவுகள் ஏட்டில் இரா. மாஸ்டரின் கைப்பழக்கத்தில் இருக்கும். மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டால் சாம்பாரின் சுவை மாறும். வேறு கடைக்குப் போய்விட்டால் வாடிக்கையாளரும் குறைவர்.

கரீமின் உணவகம் இந்த இரண்டாம் வகை. எல்லாம் அவர் கைமணத்தில் நிற்கிறது. அவர் தளர்ந்தால் உணவகமும் தளரும் என்ற நிலையைப் படம் காட்டுகிறது. ஆனால் அதை மேற்பார்வையின் குறையாகப் பார்க்காமல், பேரன் ஊரிலேயே தங்குவதற்கான காரணமாக மட்டும் பயன்படுத்துகிறது. நல்ல மேற்பார்வையாளர் தன் கைப்பக்குவத்தைக் குறைந்தது இருவருக்காவது கற்பித்து வைத்திருக்க வேண்டும். அந்த வாரிசு வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் உடன் உழைத்த ஒரு தொழிலாளி ஏன் அடுத்த உஸ்தாத் ஆகக்கூடாது என்ற கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை.

அன்பு எங்கே போதாது

கரீம் தொழிலாளர்களிடம் அன்பானவர். லாபக் கணக்கில் நாட்டமில்லாதவர். படம் இவ்விரண்டையும் ஒரே பெருமையாகச் சேர்த்துப் போற்றுகிறது. இங்கேதான் திறனாய்வு தேவைப்படுகிறது. உணவகம் மூடப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் பாத்திரம் தேய்ப்பவர். கணக்கில் காட்டும் அலட்சியம் தொழிலாளியின் வீட்டு அடுப்பைத்தான் முதலில் அணைக்கும். ஆகவே கணக்குப் பார்ப்பதும் அன்பின் ஒரு பகுதியே.

சுத்தம் பற்றியும் இதையே சொல்லலாம். உணவகம் மூடப்படுவதற்குப் போட்டியாளரின் சூழ்ச்சியைப் படம் காரணமாக்குகிறது. அதனால் சுத்தத்தை அன்றாடம் கண்காணிப்பது பற்றிய பேச்சு எழாமல் போகிறது. உண்மையில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 இந்தியா முழுவதற்கும் பொருந்தும். அதன் விதிகளின்படி உணவைக் கையாளுவோருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். சூடாகப் பரிமாறும் உணவை 60 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிரில் வைக்கும் உணவை 5 பாகைக்கு மிகாமலும் காக்க வேண்டும். இவற்றை நாள்தோறும் பார்க்கும் சமையற்கட்டில் சூழ்ச்சிக்காரருக்கு இடம் குறைவு.

மூன்றாவது, தொழிலாளியின் உரிமை. முதலாளி நல்லவராக இருந்தால் ஓய்வு கிடைக்கும் என்பது அருள், உரிமை அன்று. தமிழ்நாட்டில் உணவகத் தொழிலாளர்களுக்கென்றே 1958-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேலை நேர வரம்பையும் வார விடுமுறையையும் அது பேசுகிறது. கரீம் இல்லாத நாளிலும் தொழிலாளிக்கு அவை கிடைக்க வேண்டும். தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து வந்து, மொழி தெரியாமல் சமையற்கட்டில் நிற்கும் இளைஞர்களுக்கு இது இன்னும் தேவை. அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மேற்பார்வையாளர்தான் அறிந்து செய்ய வேண்டும்.

மதுரைப் பகுதி

ஃபைசி மதுரையில் சந்திக்கும் நாராயணன் கிருஷ்ணன் உண்மையில் வாழும் ஒருவர். நட்சத்திர ஹோட்டலில் சமையற்கலைஞராக இருந்தவர், அப்பணியை விட்டுத் தெருவில் கிடக்கும் ஆதரவற்றோருக்கு உணவளிக்கத் தொடங்கினார். 2003-இல் அட்சயா அறக்கட்டளையை நிறுவினார். படத்தில் அவராகத் தமிழ் நடிகர் ஜெயபிரகாஷ் நடித்துள்ளார்.

இப்பகுதி கதையிலிருந்து விலகி நிற்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். மேற்பார்வைக்கான ஆழமான பாடம் இங்கேதான் உள்ளது. உணவகத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் கல்லாவில் வந்து சொல்வார். தெருவோரத்தில் பசித்துக் கிடப்பவர் குறை சொல்ல மாட்டார். அவருக்கும் அதே சுத்தம், அதே சுவை என்று சமைப்பவரை எவரும் கண்காணிக்கத் தேவையில்லை. யாரும் பார்க்காதபோதும் வேலை சரியாக நடக்கச் செய்வதே மேற்பார்வையின் முடிவான நோக்கம்.

மதிப்பீடு

தமிழ்த் திரையில் ஹோட்டல் தொழிலாளியை மையமாக்கிய படங்களில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' (1964) முதன்மையானது. அது பரிமாறுபவரின் வாழ்க்கையைச் சொன்னது. 'உஸ்தாத் ஹோட்டல்' கதவைத் திறந்து உள்ளே, அடுப்படிக்கு அழைத்துச் செல்கிறது. கேட்டரிங் பயிலும் மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

கீழ்வேலை அறிந்தவரே மேலே நிற்கத் தகுந்தவர் என்பதையும், உண்பவரை மனத்தில் வைத்துச் சமைக்க வேண்டும் என்பதையும் இப்படம் நன்கு கற்பிக்கிறது. கணக்கு, சுத்தம், ஓய்வு ஆகிய மூன்றையும் அது கரீமின் நல்ல மனத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த மூன்றும் நல்ல மனத்தோடு சேர்ந்து சுவரில் ஒட்டிய அட்டவணையிலும் இருந்தால்தான், உஸ்தாத் விடுப்பில் போன நாளிலும் அடுப்பு எரியும்.